வேர்டில் இருந்து மார்க்டவுனுக்கு: பான்டாக் எதைக் கொண்டுபோகும், எதை விட்டுட்டுப் போகும்?

இந்த எபிசோடில் ஒரே ஒரு டூல் பற்றித்தான் பேசப்போறோம். பேர் பான்டாக். ஒரு ஃபார்மட்டில் இருக்கிற டாகுமென்டை இன்னொரு ஃபார்மட்டுக்கு மாத்திக் கொடுக்கிற கமாண்ட் லைன் டூல். இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டதுன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க டீமோட ரன்புக் எல்லாம் வேர்ட் ஃபைலா ஒரு ஷேர்டு டிரைவில் இருந்தது. ரன்புக்னா, சர்வர் படுத்துட்டா என்ன பண்ணணும்னு படிப்படியா எழுதி வெச்ச கையேடு. ராத்திரி 2 மணிக்கு ஆன்-கால்ல இருக்கிறவர் அரைத் தூக்கத்தில் திறந்து படிக்கிற ஃபைல். அதையெல்லாம் மார்க்டவுனா மாத்தி, கிட் ரெப்போவுக்குள்ள கோடிங் பக்கத்திலேயே வைக்கணும்னு முடிவாச்சு. நூத்துக்கும் மேல ஃபைல்கள். கையால காப்பி-பேஸ்ட் பண்ற வேலை இல்லை அது.

உள்ளே என்ன நடக்குது?

பான்டாக்கை உருவாக்கியவர் ஜான் மெக்ஃபார்லேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தத்துவப் பேராசிரியர். 2006இல் வெளியிட்டார், ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். 20 ஃபார்மட் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொன்றில் இருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கன்வெர்ட்டர் எழுதினா, 20 பெருக்கல் 19, மொத்தம் 380 வேணும். பான்டாக் அப்படிப் போகலை. நடுவில் தனக்குன்னு ஒரு பொது வடிவம் வெச்சிருக்கு. எந்த ஃபைல் வந்தாலும் ஒரு ரீடர் அதைப் படிச்சு அந்தப் பொது வடிவமா மாத்தும். அப்புறம் ஒரு ரைட்டர் அதை நாம கேட்ட ஃபார்மட்டில் எழுதும். 20 ரீடர், 20 ரைட்டர், 40இல் வேலை முடிஞ்சது.

அந்தப் பொது வடிவம் ஒரு மரம் மாதிரி. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது அட்டவணை, இது கோட் பிளாக், இது அழுத்திச் சொன்ன சொல். இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் அதில் இடம் இருக்கு. பக்க மார்ஜின், எழுத்தின் சைஸ், கலர் இதுக்கெல்லாம் இடமில்லை. அதாவது, பான்டாக் டாகுமென்டின் அமைப்பைக் கொண்டுபோகும், தோற்றத்தை விட்டுடும். இன்னைக்கு நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான். மீதி எல்லாம் இதில் இருந்து தானா வரும்.

கமாண்ட்

வாயால சொல்றேன், டெர்மினலில் அப்படியே அடிக்கலாம். பான்டாக், ஸ்பேஸ், வேர்ட் ஃபைலின் பேர், மைனஸ் ஓ, புது ஃபைலின் பேர். அவ்வளவுதான். ஃபைல் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து அதுவே ஃபார்மட்டைப் புரிஞ்சுக்கும். நீங்களே சொல்லணும்னா மைனஸ் எஃப் போட்டு எதிலிருந்து, மைனஸ் டி போட்டு எதுக்கு.

இதோட ரெண்டு ஆப்ஷன் சேர்த்துக்கோங்க. ஒண்ணு, எக்ஸ்ட்ராக்ட் மீடியா. இது இல்லைன்னா படங்களோட பேர் மட்டும் மார்க்டவுனில் வரும், படம் வராது. இன்னொண்ணு, ரேப் ஈக்வல்ஸ் நன். இல்லைன்னா 72 எழுத்துக்கு ஒருமுறை வரியை மடிச்சுடும். அப்புறம் ஒரு சொல்லை மாத்தினாலே கிட் டிஃப்பில் பத்து வரி மாறின மாதிரி தெரியும்.

எங்கே கவனமா இருக்கணும்?

முதல்ல தலைப்புகள். வேர்டில் பலர் தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் போட மாட்டாங்க. எழுத்தைப் பெரிசாக்கி போல்ட் பண்ணிட்டுப் போயிடுவாங்க. கண்ணுக்கு அது தலைப்பு. பான்டாக்குக்கு அது போல்டா இருக்கிற ஒரு பத்தி, அவ்வளவுதான்.

அடுத்தது ட்ராக் சேஞ்சஸ். ஃபைலில் யாராவது பண்ணின திருத்தம் முடிவாகாம நின்னா, பான்டாக் தானாகவே எல்லாத்தையும் ஏத்துக்கும். ஓரத்தில் போட்ட கமென்ட்கள் காணாமப் போயிடும். அவை வேணும்னா ட்ராக் சேஞ்சஸ் ஆப்ஷனில் ஆல்னு கொடுக்கணும்.

அட்டவணையும் ஒரு தலைவலி. மார்க்டவுனின் எளிய அட்டவணையில் ரெண்டு செல்லை இணைக்க வழி கிடையாது. அப்படி இணைச்சது இருந்தா, கன்வெர்ட் ஆனதும் அதைத் தனியா எடுத்துப் பாருங்க.

கடைசியா, ரொம்ப முக்கியமானது: கலர். ரன்புக்கில் சிவப்பு எழுத்துனா, 'இதை புரொடக்‌ஷனில் ஓட்டாதே'ன்னு அர்த்தம் இருக்கலாம். எழுதினவர் அந்த 'ஓட்டாதே'யை எழுத்தில் எழுதலை, கலரில்தான் சொன்னார். பான்டாக் கலரை விட்டுடும், எர்ரரும் வராது. மார்க்டவுனில் அந்த கமாண்ட் மற்ற கமாண்ட்களோட வரிசையா, அப்பாவியா நிக்கும். ராத்திரி 2 மணிக்கு அதைப் படிக்கிறவருக்கு அது இன்னொரு ஸ்டெப். டேட்டாபேஸை அழிக்கிற கமாண்டா அது இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

அதனால நாங்க கன்வெர்ட் பண்றதுக்கு முன்னாடியே வேர்டுக்குள்ள ஒரு வேலை பண்ணினோம். ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் ஃபாண்ட் கலரை வெச்சுத் தேடலாம். சிவப்பு எழுத்தைத் தேடி, ஒவ்வொண்ணுக்கு முன்னாடியும் 'எச்சரிக்கை'ன்னு ஒரு சொல்லைச் சேர்த்தோம். கலரில் இருந்த அர்த்தம் எழுத்துக்குள்ள வந்துடுச்சுன்னா, எந்த ஃபார்மட்டுக்குப் போனாலும் கூடவே வரும்.

என் சிபாரிசு

எடுத்த எடுப்பில் நூறு ஃபைலுக்கும் லூப் போடாதீங்க. இருக்கிறதிலேயே மோசமான மூணு ஃபைலைத் தேர்ந்தெடுங்க. மைனஸ் டி நேட்டிவ்னு கொடுத்தா, பான்டாக் தன் மரத்தை அப்படியே காட்டும். தலைப்பு அதில் ஹெடர்னு வந்திருக்கா, பாராவாவா ஸ்ட்ராங்காவான்னு பாருங்க. தப்பு தெரிஞ்சா அவுட்புட்டைத் திருத்தாம, மூல வேர்ட் ஃபைலைத் திருத்துங்க. அப்போதான் எத்தனை முறை வேணும்னாலும் திரும்ப ஓட்ட முடியும். அதுக்கப்புறம் லூப் போடுங்க. முடிஞ்சதும் தலைப்பு, படம், அட்டவணை மூணையும் பழைய ஃபைலோட எண்ணிப் பாருங்க. பழைய வேர்ட் ஃபைல்களை உடனே அழிக்காதீங்க. அந்த ரன்புக்கை எழுதினவரையே புது வடிவத்தை ஒரு தடவை படிக்கச் சொல்லுங்க. எந்தக் கலருக்கு என்ன அர்த்தம்னு அவருக்குத்தான் தெரியும்.

உங்க ஆபீஸில் இருக்கிற ஒரு பழைய வேர்ட் ஃபைலில் இன்னைக்கே ஓட்டிப் பாருங்க. எது வந்தது, எது வரலைன்னு எனக்கு எழுதுங்க.