குழந்தைக்கும் தவணை தவறக்கூடாது!

மழைக்காலம் வருமுன்பே கிடங்கில் மூட்டைகளுக்கு அடியில் பலகை போட்டு வைப்பவர்கள் நாம். நனைந்துபோன சர்க்கரையை மறுபடி சரக்காக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். வருமுன் காப்பதை வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், விடியற்காலையில் கடை திறந்து இரவு வெகுநேரம் கழித்து அடைக்கும் அலைச்சலில், வீட்டுக் குழந்தைகளின் தடுப்பூசி நாள் மட்டும் தள்ளிப்போய்விடுகிறது. "கடையை விட்டு வர முடியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்போம். அந்த அடுத்த வாரம் ஆறு மாதமாகிவிடுவதும் உண்டு.

சாதனை சிறிதல்ல

ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போன பெரியம்மை, 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றது. 1980-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அடுத்தது இளம்பிள்ளை வாதம். 1995-ல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் பெற்றது.

இன்று கிடைப்பவை

முன்பு தனித்தனியே போட்ட ஊசிகள் இன்று ஒன்றாகிவிட்டன. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி உள்ளது. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது அறிமுகமாயிற்று. கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்து, தட்டம்மை–ரூபெல்லா ஊசி, நியுமோகாக்கல் ஊசி ஆகியவையும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே போடப்படுகின்றன.

பிறந்தவுடன், பிறகு 6, 10, 14-வது வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், 16 முதல் 24 மாதத்துக்குள், 5 வயதில், 10 வயதில், 16 வயதில். இவைதான் தவணைகள்.

ஏன் இத்தனை தவணை?

முதல் தவணை கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. அடுத்தவை எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குகின்றன. சில நோய்களுக்கு அச்சக்தி ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால்தான் 5, 10, 16 வயதுகளில் ஊக்க ஊசி. கைக்குழந்தைப் பருவத்தோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஒரு தவணை விட்டுப்போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஊசி போட்டபின் ஓரிரு நாள் லேசான காய்ச்சலோ வீக்கமோ வரக்கூடும். இதற்கு அஞ்சி அடுத்த தவணையை நிறுத்திவிடக் கூடாது. போட்டவுடன் அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருவது நல்லது.

சரக்கின் தரம்

தேதி பார்த்துச் சரக்கு எடுக்கும் நமக்கு இதுவும் விளங்கும். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். வெப்பம் பட்டுச் சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைக் கழித்துவிடுவார்கள்.

கடையும் குழந்தையும்

நாள் முழுதும் நூறு பேர் வந்துபோகும் இடம் கடை. தட்டம்மை கண்டவர் வந்து சென்றபின்னும் அக்கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கியிருக்கும். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு வழக்கமாக இன்னும் அந்த ஊசி போட்டிருக்க மாட்டார்கள். சுற்றியுள்ள மற்றப் பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதே அதற்குக் காவல்.

ஆகவே வணிகப் பெருமக்களே, கடன் பாக்கித் தேதியைக் குறிக்கும் கடை நாள்காட்டியிலேயே குழந்தையின் அடுத்த தவணைத் தேதியையும் குறித்து வையுங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் வழக்கமாகப் புதன்கிழமை தடுப்பூசி நாள். நம்மிடம் வேலை பார்ப்பவர்களுக்கும் கைக்குழந்தை உண்டு. அன்று காலை சம்பளம் பிடிக்காமல் அரைநாள் விடுப்புக் கொடுங்கள். அரைநாள் வியாபாரத்தை மறுநாள் ஈடுகட்டலாம். குழந்தையின் நலத்தை அப்படி ஈடுகட்ட முடியாது.