விலை முன்னறிவிப்பை நம்பும் முன்...

மஞ்சள் விலை ஏறும், பருத்தி விலை சரியும் என்று பத்திரிகைகளில் செய்திகள் வருவதுண்டு. அவற்றை நம்பி விளைச்சலை இருப்பு வைக்கும் விவசாயிகள் பலர். ஆனால் எல்லாக் கணிப்பும் ஒரே தரம் உடையவை அல்ல.

2010ஆம் ஆண்டில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. அதைக் கண்டு பலரும் மஞ்சள் நட்டனர். 2012இல் விலை 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மஞ்சள் சுமார் 9 மாதப் பயிர். நடும்போது உள்ள விலை அறுவடையின்போது நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

பெரிய பத்திரிகைகளின் கணிப்பும் பொய்ப்பதுண்டு. அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆசிரியர் ஹாமில்டன் 26 ஆண்டுகள் எழுதிய பங்குச் சந்தைக் கணிப்புகளை ஆல்பிரட் கௌல்ஸ் என்பவர் ஆராய்ந்து 1933இல் முடிவை வெளியிட்டார். கணிப்பின்படி வாங்கி விற்றிருந்தால் ஆண்டுக்கு 12 சதம் லாபம். பங்குகளை விற்காமலே வைத்திருந்தால் 15.5 சதம்!

கவனிக்க வேண்டியவை

1. எந்தச் சந்தை, எந்த மாதம், விரலியா கிழங்கா என்பது செய்தியில் இருக்க வேண்டும்.

2. கணிப்புக்கு ஆதாரம் என்ன? கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முன்னறிவிப்பு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் பல ஆண்டு விலைகளையும் சந்தை ஆய்வையும் கொண்டு தயாரிக்கப்படுகிறது. "வியாபாரிகள் கூறுகின்றனர்" என்று மட்டும் இருந்தால் யோசிக்க வேண்டும். இருப்பு வைத்திருப்பவருக்கு விலை ஏறினால் லாபம். இனி வாங்கப் போகிறவருக்கு இறங்கினால் லாபம்.

3. "இவ்வளவு முதல் இவ்வளவு வரை" என்று வரம்பு கூறும் கணிப்பே மேல். அதில் கீழ் விலையை வைத்துக் கணக்கிடுவது நல்லது.

இருப்புக் கணக்கு

உதாரணமாக, இன்றைய விலை குவிண்டால் 10,000 ரூபாய். 6 மாதத்தில் 10,500 முதல் 11,000 வரை போகும் என்பது கணிப்பு. 12 சத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் 6 மாத வட்டியே 600 ரூபாய். கீழ் விலை கிடைத்தால் 100 ரூபாய் நஷ்டம். கிடங்கு வாடகை, வண்டு சேதம் தனி.

ஆகவே கடனை அடைக்கத் தேவையான அளவை உடனே விற்று, மீதியை மட்டும் இருப்பு வைக்கலாம். கணிப்புச் செய்தியைக் கத்தரித்து வைத்து, குறித்த மாதம் வந்ததும் ஏல விலையை அதன் பக்கத்தில் எழுதி வர வேண்டும். சில பருவங்களிலேயே யார் கணிப்பு பலித்தது என்பது விளங்கிவிடும்.