பில் பிரிண்டர் ஏன் நின்றது?
கடைக் கம்ப்யூட்டர்களின் கதவு எண் கணக்கு



தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நேரம். எங்கள் மளிகைக் கடையில் நிற்க இடமில்லை. கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு பில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. விளக்கு எரிகிறது, காகிதம் இருக்கிறது, பில் மட்டும் வரவில்லை. கடை சாத்தும் வரை துண்டுச் சீட்டில் கையால் எழுதித் தள்ளினோம். கணக்கில் விட்டுப்போனது எவ்வளவு என்று இன்றும் தெரியாது.

மறுநாள் வந்த மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் சரி செய்தார். பிரிண்டரில் பழுதே இல்லை. கரண்ட் வந்ததும், கடைப் பையனின் செல்போனுக்கு ரவுட்டர் கொடுத்த எண்ணும் பிரிண்டரின் எண்ணும் ஒன்றாகிவிட்டன. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

தெருவும் கதவு எண்ணும்

கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, செல்போன் என்று கடை வலையமைப்பில் சேரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐ.பி. எண் உண்டு. பெரும்பாலான கடைகளில் இது 192.168.1.20 என்பது போல நான்கு பகுதியாக இருக்கும். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை. 1981-ல் வகுத்த இந்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்துக்கு அது போதவில்லை. ஆகவே 192.168 என்று தொடங்குவது போன்ற சில வரிசைகளை, யார் வேண்டுமானாலும் தம் இடத்துக்குள் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊருக்கு ஊர் பஜார் தெரு இருப்பது போலத்தான் இதுவும்.

எண்ணுக்குப் பக்கத்தில் 255.255.255.0 என்று இன்னொன்று இருக்கும். இதுதான் சப்நெட் மாஸ்க். ஐ.பி. எண்ணில் எது தெரு, எது கதவு என்று பிரித்துக் காட்டுவது இது. இங்கே முதல் மூன்று பகுதி தெரு, கடைசிப் பகுதி கதவு.

ஒரே தெருவுக்குள் என்றால் கம்ப்யூட்டர் நேரே கொடுத்துவிடும், நம் கடைப் பையன் பக்கத்து வீட்டுக்குச் சரக்கு கொடுப்பது போல. வேறு தெரு என்றால் லாரி புக்கிங் ஆபீசில் போடுவது போல ரவுட்டரிடம் ஒப்படைக்கும். அந்த ரவுட்டரின் எண்ணைத்தான் கேட்வே என்கிறார்கள்.

பிரிக்கும் கணக்கு

ஒரு தெருவில் 256 எண்கள். முதல் எண் தெருவின் பெயருக்கு, கடைசி எண் எல்லோருக்கும் பொது அறிவிப்புக்கு. மீதி 254 நம் கைக்கு வரும்.

இதை நான்காகப் பிரிக்க வேண்டுமா? மாஸ்க்கை 255.255.255.192 என்று போட வேண்டும். 256-ல் 192-ஐக் கழித்தால் 64. அதுதான் ஒரு பாகத்தின் அளவு. ஒவ்வொன்றிலும் இரண்டு போக 62 எண்கள் பயன்படும்.

1 முதல் 62 வரை பில் கவுண்டர்
65 முதல் 126 வரை ஆபீஸ், கிடங்கு
129 முதல் 190 வரை கேமராக்கள்
193 முதல் 254 வரை வாடிக்கையாளர் செல்போன்கள்

ஒவ்வொரு பாகத்திலும் ரவுட்டருக்கு ஓர் எண் போய்விடும். எஸ்டிமேட்டில் /24 என்று இருந்தால் 255.255.255.0 என்றும், /26 என்று இருந்தால் 255.255.255.192 என்றும் புரிந்துகொள்ளுங்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? வருவோர் போவோர் செல்போன்கள் நம் கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் தெருவிலேயே உலவுவது, கல்லாப்பெட்டி அறைக்குள் ஊரை விடுவது போன்றது. ஆனால் எண்ணைப் பிரித்தால் மட்டும் சுவர் எழும்பிவிடாது. ரவுட்டரிலும் சுவிட்சிலும் பாகங்களைத் தனித்தனியாக அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். சிறிய கடைக்கு, ரவுட்டரில் உள்ள ‘கெஸ்ட்’ வசதியை வாடிக்கையாளருக்கு ஒதுக்கினாலே பெரும்பாலும் போதும்.

உடனே செய்ய வேண்டியவை

1. செல்போன் போன்றவற்றுக்கு ரவுட்டர் தானாக எண் கொடுக்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். அது 100 முதல் 200 வரை மட்டும் கொடுக்கும்படி வைத்து, பிரிண்டர், தராசு, கேமராவுக்கு 10 முதல் 50-க்குள் நிலையான எண் கொடுங்கள். எங்கள் கடையில் மெக்கானிக் செய்தது இதுதான். தெருவைப் பிரித்திருந்தால் அந்தந்தப் பாகத்துக்குள்ளேயே இரண்டையும் தனித்தனியாக ஒதுக்குங்கள்.

2. ஒரே பாகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மாஸ்க்கும் கேட்வேயும் ஒன்றாக இருக்கட்டும்.

3. கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் ஒயரையும் ரவுட்டரையும் பாருங்கள்.

4. எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் நாம் கடை நடத்துவதில்லை. இந்த எண்களும் அப்படித்தான். அடுத்த பண்டிகைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள். பண்டிகைக் கூட்டத்தில் கையால் பில் எழுதும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.