தட்டில் தொடங்கும் பயிற்சி

இவான் பாவ்லோவுக்கு 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த தன் ஆய்வுக்கூடத்தில் அவர் நாய்களின் உமிழ்நீரையும் இரைப்பைச் சாற்றையும் அளந்துகொண்டிருந்தார். உணவு நாக்கில் பட்ட பிறகு எச்சில் ஊறுவது இயல்பு. ஆனால் அந்த நாய்களுக்கு உணவு கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே எச்சில் ஊறியது. எதற்குப் பின் எது வரும் என்று அவை கற்றுவைத்திருந்தன. விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்ற அறிவியலின் பெரிய கிளை ஒன்று அந்தச் சாப்பாட்டு வேளையில்தான் முளைத்தது.

நம் வீடுகளிலோ இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். சோறு வைப்பது வீட்டிலிருப்பவர் வேலை, பழக்குவது ஞாயிற்றுக்கிழமை வரும் பயிற்சியாளர் வேலை. நாய்க்கு இந்தப் பிரிவினை தெரியாது. தட்டு எப்போது வருகிறது, வருவதற்கு முன் தான் என்ன செய்தது, குரைத்தபோது வந்ததா, அமைதியாக உட்கார்ந்தபோது வந்ததா என்பதையெல்லாம் அது நாளுக்கு இரண்டு வேளையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. தட்டைக் கையில் எடுத்ததும் நாய் எகிறிக் குதிக்கிறது. தொல்லை தாங்காமல் சட்டென்று கீழே வைத்துவிடுகிறோம். குதித்தால் சோறு வரும் என்ற பாடம் அங்கே முடிந்தது. நாய் வளர்க்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தனியாகப் பயிற்சி நேரம் தேடுவதற்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

நல்ல விளைவைத் தந்த செயலை விலங்கு மறுபடியும் செய்யும் என்ற விதியை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியான தன் ஆய்வில் விளக்கினார். பின்னர் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் அதை விரிவாக வளர்த்தெடுத்தார். வீட்டு நாய்க்கு இதில் முக்கியமானது நேரம். செயலுக்கும் பரிசுக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் போனால், எதற்குப் பரிசு கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. தண்டனைக்கும் இதே கணக்குதான். பூங்காவில் கூப்பிடக் கூப்பிட வராமல் பத்து நிமிடம் கழித்து வரும் நாயை அடித்தால், தாமதித்ததற்காக அடி விழுந்தது என்று அது எண்ணாது. வந்ததற்கு அடி விழுந்தது என்றே பதியும். அடுத்த முறை இன்னும் தள்ளியே நிற்கும்.

காலையில் கூடத்தில் மூத்திரம் போயிருந்த குட்டியின் மூக்கை மாலையில் அந்த இடத்தில் வைத்துத் தேய்க்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது பாருங்க, தலையைக் குனிஞ்சுக்குது" என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009இல் இதையே சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயானாலும், எஜமானர் திட்டினால் அந்தக் 'குற்ற உணர்ச்சி' முகம் வந்துவிட்டது. குனிந்த தலை உங்கள் கோபத்தைப் படித்துவிட்டது, அவ்வளவுதான். குட்டியை வெளியே போகப் பழக்கத் திட்டு வேண்டாம், அட்டவணை வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே கூட்டிப் போங்கள். போய் முடித்த அந்த நொடியிலேயே, அதே இடத்தில், ஒரு துண்டு உணவு கொடுங்கள். வீட்டுக்குள் திரும்பி வந்த பிறகு கொடுத்தால் அது வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாகிவிடும்.

அந்த ஓரிரு நொடிகூடச் சில சமயம் போதாது. நாய் தூரத்தில் நிற்கும், கை எட்டாது. ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் தம்பதி இதற்கு வழி கண்டார்கள். ஒரு சிறு ஒலியை உணவோடு முதலில் இணைத்துவிட வேண்டும். பிறகு சரியான செயல் நடக்கும் அதே கணத்தில் அந்த ஒலியை எழுப்ப வேண்டும். உணவு பின்னால் வரலாம். இன்று 'கிளிக்கர்' என்று கடைகளில் விற்கும் சிறு பெட்டி அதற்குத்தான். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. "சபாஷ்" என்று எப்போதும் ஒரே தொனியில் சொன்னால் போதும்.

உட்காரக் கற்றுக்கொடுப்பதைப் பார்ப்போம். ஒரு துண்டு உணவை நாயின் மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகத் தரையில் பதியும். பதிந்த கணத்தில் "சபாஷ்", உடனே உணவு. முதுகை அழுத்தி உட்கார வைக்க வேண்டாம். அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவது நாயின் இயல்பு. சில முறை சரியாக வந்த பிறகுதான் "உட்கார்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அதற்குள் அப்பா ஒரு சொல், பிள்ளை ஒரு சொல், பாட்டி ஒரு சொல் என்று போனால் நாய் எதையும் பிடித்துக்கொள்ளாது. வீட்டில் எல்லாரும் ஒரே சொல் என்று முடிவெடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சாப்பாட்டுக்கு முன், பசி இருக்கும்போது நடத்துங்கள். நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோதான் வெளியே பழக்க வேண்டும். மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்த்து நாய் குளிராது. நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

பழக்கம் படிந்த பிறகு ஒவ்வொரு முறையும் உணவு தர வேண்டியதில்லை. சில முறை உணவு, சில முறை தடவல், சில முறை பந்து என்று மாற்றலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு பழக்கத்தை இன்னும் உறுதியாக்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து கெஞ்சும் பழக்கத்தை நாயிடமிருந்து போக்க முடியாமல் போவதும் இதே காரணத்தால்தான். பத்து நாள் மறுத்துப் பதினோராம் நாள் ஒரு துண்டு அப்பளம் போடுகிறோம்.

பயிற்சிக்கு எந்த உணவு? அன்றைக்குக் கொடுக்க வேண்டிய அளவிலிருந்தே எடுங்கள். உலர் தீனி கொடுப்பவர்கள் காலையிலேயே ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைக்கலாம். கடினமான பாடத்துக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளிக் கொடுக்கலாம். அளவைப் பற்றி நம் வீடுகளில் பெரிய அலட்சியம் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. ஒரு மேரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கலோரி. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொன்று போட்டால் அந்தப் பங்கு காலையிலேயே தீர்ந்துவிடும்.

சோறு நாய்க்கு ஆகாது என்று இப்போது சிலர் அச்சுறுத்துகிறார்கள். ஓநாய் வழி வந்த விலங்குக்கு இறைச்சி மட்டுமே உணவு என்பது அவர்கள் வாதம். ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதரோடு வாழ்ந்து, மனிதர் சமைத்ததைத் தின்று, நாயின் உடம்பே மாறியிருக்கிறது. ஆகவே குழைய வெந்த சோறு செரிக்கும். சோறு மட்டும் போதுமா என்றால், போதாது. வளர்ந்த நாயின் உணவில், நீரை நீக்கிப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும். வளரும் குட்டிக்கு 22.5 சதவீதம் என்பது அமெரிக்கத் தீனித் தரநிலை. அரிசியில் ஏழு, எட்டு சதவீதம்தான் உண்டு. தயிர்சாதத்திலேயே வளரும் குட்டி வயிறு நிறைந்திருக்கும், தசை வளராது. முட்டை, கோழி, மீன் எதையாவது வேகவைத்துச் சேருங்கள். இறைச்சி மட்டுமே போடுவதும் ஆபத்துதான். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும், கால் வளையும், எலும்பு முறியும். அதற்குப் பயந்து பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மருந்தை நாமாக ஊற்றினாலும் எலும்பு கோணும். வீட்டுச் சமையலில் வளர்ப்பதென்றால் எதை எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

நம் சமையலறையிலேயே நாய்க்கு விஷம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் அந்தக் குணம் போகாது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்துவிடும். பாயசத்திலும் கேசரியிலும் அது இருப்பதை நாம் மறந்தே போகிறோம். திராட்சையில் எந்தப் பொருள் கெடுதல் செய்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. டார்ட்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியவற்றில் ஒன்று புளி! புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே விதமாகச் சிறுநீரகம் பழுதானதை 2022இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று விவரித்தது. அந்த அமிலம் புளியில் நிறையவே இருக்கிறது. குழம்பு, ரசம் ஊற்றிப் பிசைந்த மிச்சச் சோற்றையும் புளியோதரையையும் நாய்த் தட்டில் கொட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நாய்க்கான சோற்றைத் தாளிக்கும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டால் போதும். சாக்லேட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் வரும் சைலிட்டாலும் உயிரைப் பறிப்பவை. பிரியாணியில் மிஞ்சிய கோழி எலும்பு வெந்ததால் கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

குட்டிக்கு நாளுக்கு மூன்று, நான்கு வேளை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை. தீனியை மாற்றுவதானால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சரியான எடையை அறியத் தராசைவிடக் கை உதவும். விலாவைத் தடவினால் எலும்புகள் விரலுக்கு எளிதாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி வேட்டையாடப் பிறந்த இனங்கள். ஒட்டிய வயிறு அவற்றுக்கு அழகு. அக்கம்பக்கத்தார் இரங்குகிறார்கள் என்று அவற்றைக் கொழுக்க வைக்க வேண்டாம். லாப்ரடார் வளர்ப்பவர்கள் எதிர்ப்பக்கமாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பசி அடங்காமல் செய்யும் மரபணு மாற்றம் ஒன்று லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது கெஞ்சுவது நிஜமான பசி. ஆனால் தேவை அல்ல. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், பாதி நாய்களுக்கு மற்றவற்றைவிடக் கால் பங்கு குறைவாகவே உணவு கொடுத்தார்கள். நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டு வலியும் இவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது.

குட்டியின் முதல் மூன்று மாதத்தைத் தவறவிட்டால் பிறகு ஈடுசெய்வது கடினம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோரின் குழு நடத்திய ஆய்வுகளில், 14 வாரம் வரை மனிதர் கைபடாமல் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போல அஞ்சி ஓடின. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி காண்பதையெல்லாம் உலகின் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிட முடியாது. பார்வோ நோய் காத்திருக்கிறது. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கவும் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். பால்காரர், மழைக்கோட்டு, ஆட்டோ, குக்கர் விசில் எல்லாவற்றையும் அது பார்க்கட்டும், கேட்கட்டும். ஒவ்வொன்றின்போதும் வாயில் ஒரு துண்டு உணவு. பட்டாசுச் சத்தத்தைப் பதிவுசெய்து, தீபாவளிக்குப் பல வாரம் முன்பே, மிக மெல்லிய ஒலியில் சாப்பாட்டு வேளையில் கேட்கவிட்டு மெதுவாகக் கூட்டலாம். நாய் சாப்பிடுவதை நிறுத்தினால் ஒலி கூடிவிட்டது என்று அர்த்தம்.

நாயை அடக்கி ஆள வேண்டும், இல்லாவிட்டால் அது தலைவனாகிவிடும் என்ற எண்ணம் ஓநாய் ஆய்விலிருந்து வந்தது. கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் எழுதியது அது. 1970இல் வெளிவந்த தன் நூலில் அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். அடிக்கிறவர்களுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்த உரிமையாளர்களில் 43 சதவீதத்தினர் அதனால் நாய் முரட்டுத்தனமாகப் பதிலடி தந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்த முரட்டுத்தனம் அதிகம் வெளிப்படும் இடம் மறுபடியும் தட்டுதான். சாப்பிடும் நாயின் தட்டில் கையை விட்டு, "நான்தான் எஜமான்" என்று காட்டும் பழக்கம் நாயைக் காவல்காரனாக்குகிறது. உறுமினால் அடிக்கிறோம், உறுமுவதை நிறுத்திவிட்டு அடுத்த முறை நேரடியாகக் கடிக்கிறது. உறுமல் எச்சரிக்கை, அதைப் பறிக்கக் கூடாது. மாற்றாக, நாய் சாப்பிடும்போது அதன் உடல் விறைக்காத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட நல்ல ஒரு துண்டை வீசிவிட்டு விலகிப் போங்கள். நாட்கள் போகப்போக ஓர் அடி கிட்டே வாருங்கள். ஆள் நெருங்கினால் நல்லது கூடுகிறது என்று பதிந்த நாய் உங்களைக் கண்டு வாலாட்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளை வைத்து நடத்தாதீர்கள். நாய் தின்று முடிக்கும்வரை அவர்களை அடுத்த அறையில் வைத்திருங்கள். ஏற்கெனவே கடித்திருக்கும் நாய் என்றால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல்வலி, காதுவலி, வயிற்று நோய் எல்லாம் உறுமலாகத்தான் வெளியே வரும்.