மாறாத விடையும் சரியான விடையும்

பாய்ம இயக்கவியல் மென்பொருள் ஒன்றில் பலர் கை வைக்கும்போது, எல்லை நிபந்தனையில் ஒருவர் செய்த சிறு திருத்தம், அதற்குத் தொடர்பே இல்லாததாகத் தோன்றும் வேறொரு கணக்கின் விடையை மாற்றிவிடுவது உண்டு. அம்மாற்றத்தை உடனே பிடிப்பதற்காக, முன்பு ஏற்கப்பட்ட விடைகளைச் சேமித்துவைத்து, நிரல் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் புதிய விடைகளை அவற்றோடு ஒப்பிடும் ஏற்பாடே ரிக்ரஷன் சோதனை எனப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகிய எஸ்.யு.2 என்னும் திறந்த மூல மென்பொருளில், ஒவ்வொரு மாதிரிக் கணக்கையும் எந்தச் சுற்றில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதும், அச்சுற்றில் வரவேண்டிய எச்சங்களின் மடக்கை மதிப்புகளும் பைத்தான் கோப்பொன்றில் எழுதப்பட்டுள்ளன. எச்சம் என்பது சமன்பாடு இன்னும் எவ்வளவு நிறைவேறாமல் நிற்கிறது என்பதன் அளவு. கணக்கு முழுமையாக முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதால் இச்சோதனை மலிவானது.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை உண்டு: விடை மாறவில்லை என்பதை மட்டுமே இது சொல்லும், விடை சரி என்பதைச் சொல்லாது.

கேரி சாட் 1978-இல் வெளியிட்ட அதிர்ச்சிக் குழாய்க் கணக்கில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். குழாயின் இடப்பாதியில் அடர்த்தி 1, அழுத்தம் 1 எனவும், வலப்பாதியில் அடர்த்தி 0.125, அழுத்தம் 0.1 எனவும் வாயுவை நிரப்பி, நடுத்தடுப்பை நீக்கினால், அதிர்ச்சி அலை வலப்புறம் விரைகிறது. அதன் பின்னால் அழுத்தம் ஏறத்தாழ 0.3031 ஆக நிற்கும் என்பது துல்லியத் தீர்விலிருந்தே கிடைக்கிறது. இரண்டாம் வரிசைத் திட்டங்கள் அதிர்ச்சிக்கு அருகில் போலி அலைவுகள் எழாதபடி சாய்வைக் குறைக்கும் கட்டுப்படுத்தி ஒன்றைக் கொண்டிருக்கும். குறியீட்டுப் பிழையால் அது எங்கும் சாய்வைச் சுழியாக்கிவிட்டால், திட்டம் ஓசையின்றி முதல் வரிசைக்கு இறங்கிவிடும். அதிர்ச்சி சற்று அகலமாகத் தெரிவதைத் தவிர வரைபடத்தில் குறையேதும் கண்ணில் படாது. அப்பிழையோடு சேமிக்கப்பட்ட எண்களை வைத்து ஒப்பிட்டால், சோதனை நாள்தோறும் வெற்றியே பெறும்.

பிழையைக் காட்டிக்கொடுப்பது வரிசைச் சோதனை. கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் பிழை நான்கில் ஒன்றாகக் குறைவது இரண்டாம் வரிசை, பாதியாக மட்டும் குறைவது முதல் வரிசை. இதற்குச் சாட்டின் கணக்கு உதவாது. அதிர்ச்சி இருக்கும் இடத்தில் நல்ல திட்டமும் வரிசையை இழந்துவிடும். மாறாத திசைவேகமும் அழுத்தமும் கொண்ட ஓட்டத்தில் சைன் வடிவ அடர்த்தி அலையொன்று நகர்ந்து சுற்றி வருவதுபோன்ற வழவழப்பான தீர்வே தேவை. அங்கும் சில கட்டுப்படுத்திகள் அலையின் உச்சியைத் தட்டையாக்கும் என்பதால், 2 என்ற எண்ணையே கண்டிப்பாக எதிர்பார்ப்பது அறியாமையாகும். துல்லியத் தீர்வே இல்லாத சமன்பாடுகளுக்கு, விரும்பிய தீர்வை முதலில் எழுதி, அது பொருந்துமாறு சமன்பாட்டில் மூல உறுப்பு ஒன்றைச் சேர்க்கும் வழி உண்டு. அமெரிக்காவின் பாட்ரிக் ரோச் போன்றோர் இதைப் பரவலாக்கினர்.

எஞ்சியிருப்பது, எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது என்ற கேள்வி. கணினியில் 0.1, 0.2, 0.3 ஆகியவற்றை முன்னிருந்து கூட்டினால் 0.6000000000000001 வருகிறது, பின்னிருந்து கூட்டினால் 0.6 வருகிறது. பல செயலிகளில் பகிர்ந்து கணக்கிடும்போது எண்களைக் கூட்டும் முறைவரிசை மாறுவதால், இறுதி இலக்கம்வரை ஒற்றுமை கேட்பது வீண் எச்சரிக்கைகளையே பெருக்கும். வரம்பைத் தாராளமாகத் தளர்த்தினாலோ, மேற்சொன்ன கட்டுப்படுத்திப் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். எண்கள் உண்மையிலேயே மாறவேண்டிய திருத்தங்களும் உண்டு. அப்போது சேமிப்பைப் புதுப்பிப்பவர், மாற்றத்தின் காரணத்தையும் புதுப்பிக்கும்முன் வரிசைச் சோதனை தந்த அளவையும் திருத்தக் குறிப்பில் எழுதிவைப்பதே முறை.