ஒரு பூட்டைக் கழற்ற 15 ஆண்டுகள்

இயங்குதளத்தின் இதயம் – 9

ஒற்றைச் செயலியை வைத்துக்கொண்டு கெர்னல் எப்படிப் பல நிரல்களுக்கு நேரத்தைப் பங்கு போடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். செயலி இரண்டானால் வேலை பாதியாகக் குறையும் என்றுதான் தோன்றும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கோப்பை எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கெர்னல் கணக்கு வைத்திருக்கும். இப்போது அது 7 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றைக் கூட்டச் செயலி மூன்று காரியம் செய்கிறது: எண்ணைப் படிக்கிறது, கூட்டுகிறது, திரும்ப எழுதுகிறது. இரண்டு செயலிகள் ஒரே கணத்தில் இதைச் செய்தால் இரண்டுமே 7 என்று படித்து 8 என்று எழுதிவிடும். 9 இருக்க வேண்டிய இடத்தில் 8. பின்னால் ஒவ்வொருவராகக் கோப்பை மூடும்போது, கடைசி ஆள் இன்னும் உள்ளே இருக்கையிலேயே கணக்கு பூஜ்யமாகிவிடும். அந்த நினைவகத்தைக் கெர்னல் வேறு யாருக்கோ கொடுத்துவிடும். அப்புறம் இயந்திரம் எந்த நேரத்தில் நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

1996-ல் வந்த லினக்ஸ் 2.0 இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டது. முழுக் கெர்னலுக்கும் ஒரே பூட்டு. ‘பிக் கெர்னல் லாக்’ என்று அதற்குப் பெயர். ஒரு செயலி கெர்னலுக்குள் இருந்தால் மற்றவை வாசலில் நிற்க வேண்டும். சும்மா நிற்பதும் இல்லை. ‘திறந்தாச்சா, திறந்தாச்சா’ என்று கேட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி வரும். செயலிகள் கூடக்கூட இந்த வீண் சுற்றலும் கூடியது.

1999-ல் வந்த 2.2 முதல், பகுதிக்கொரு சிறு பூட்டு என்று பிரிக்கத் தொடங்கினார்கள். அதில் வேறோர் ஆபத்து. முதல் செயலி ‘அ’ பூட்டைப் பிடித்துக்கொண்டு ‘ஆ’வுக்குக் காத்திருக்கும், இரண்டாவது ‘ஆ’வைப் பிடித்துக்கொண்டு ‘அ’வுக்குக் காத்திருக்கும். இரண்டும் நகராது. பூட்டுகளைப் பிடிக்கும் வரிசை எங்கே முரண்படுகிறது என்று கவனித்து முன்கூட்டியே எச்சரிக்கும் ‘லாக்டெப்’ என்ற கருவியை 2006-ல் இங்கோ மோல்னார் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டே இரட்டைக் கோர் செயலிகள் மேசைக் கணினிகளுக்கு வந்திருந்தன. பெரிய சர்வர்களின் தலைவலி எல்லோருக்கும் வந்து சேர்ந்தது.

அப்படியும் பழைய பெரும்பூட்டு போகவில்லை. அது எந்தத் தகவலைக் காக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பூட்டைப் பிடித்த நிரல் நடுவில் உறங்கப்போனால் அது தானாகத் திறந்துகொள்ளும். எழுந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தை நம்பி எழுதிய நிரல்வரிகள் டிரைவர்களில் சிதறிக் கிடந்தன. ஒவ்வோர் இடத்திலும் நின்று, ‘இங்கே உண்மையில் காக்கப்படுவது எது?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் எடுக்க முடிந்தது. பலர் கைமாறிய அந்த வேலையை ஆர்ண்ட் பெர்க்மன் முடித்துவைத்தார். 2011 மே மாதம் வந்த 2.6.39 பதிப்பில் அந்தப் பூட்டு இல்லை. புதிய வசதி எதையும் சேர்க்காத இந்த உழைப்பை நான் கெர்னல் வரலாற்றின் பெரிய சாதனைகளில் வைப்பேன்.

இதற்கு நடுவே, 2007-ல் 2.6.20 பதிப்போடு கேவிஎம் வந்தது. ஒரு கெர்னலே இன்னொரு கெர்னலுக்குக் கீழே சாதாரண நிரல்போல ஓடலாம் என்றானது. உள்ளே ஓடும் கெர்னலின் மெய்நிகர் செயலி ஒன்று பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில், வெளியே இருக்கும் கெர்னல் அதை நிறுத்திவைத்தால்? பூட்டு உறங்குபவன் கையில்; மற்றவை வாசலில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த முடிச்சை அடுத்த வாரம் அவிழ்ப்போம்.

(தொடரும்)