'பப்ளிக்' என்ற ஒரு சொல்

'பப்ளிக் எக்ஸாம்', 'பப்ளிக் டாய்லெட்' என அல்லிநகரத்தில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலப் பெயரடை 'பப்ளிக்'. 'பப்ளிக்காகத் திட்டினான்' என்றால், பலர் அறியத் திட்டினான் என்று பொருள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் வழக்கு நிற்பதும் வீழ்வதும் இச்சொல்லால்தான். சாதியின் பெயரால் இழிவுபடுத்தியது 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட' இடத்தில் நடந்திருக்க வேண்டும்.

பொது இடம் வேறு, பொதுப் பார்வை வேறு என ஸ்வரண் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனியார் வீட்டு வாசலானாலும் தெருவிலிருந்து காண முடிந்தால் போதும். வீட்டினுள் என்றால், உறவினரோ நண்பரோ அல்லாத வெளியார் அங்கே இருந்திருக்க வேண்டும்.

லால்குடி வழக்கிலோ, சம்பவம் அலுவலக அறைக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பின்னரே வந்தனர் என்று கூறி, 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

மூடிய அறைக்குள்ளும் இழிவு இழிவே. சட்டம் அதை ஏற்கும் நாள்வரை, புகாரில் 'பலர் முன்னிலையில்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது போதாது. எந்த இடம், அங்கிருந்த வெளியார் யார், அச்சொல் உச்சரிக்கப்பட்டபோதே அவர்கள் கண்டார்களா, கேட்டார்களா என்பதை முதல் தகவல் அறிக்கையிலேயே பதியச் செய்யுங்கள்.